நாத்தனார் நிறுத்திய ஐந்து குதிரைகள்

குதிரையோட்டிகள் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தை இருபது வருடத்துக்கு மேலாக நடத்தியவர் ஓய்வு பெறுகிறார், சங்க மலரில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும், குடும்பத்தில் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். குடும்பம் என்றால் அவருடைய தம்பியும் நானும்தான். தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், அக்காவுடன் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஆகவே இந்த வேலை என் தலையில் விழுந்தது. எழுதுகிறேன். அச்சில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் பாடு.

ஓய்வு பெறுகிறார் என்று சொல்வது உங்கள் மரியாதை. போன வருடமே நீங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஏன் அனுப்பினீர்கள் என்பது அன்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மறுநாள் நடந்தது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் நாத்தனாரைப் பிடிக்காது. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன, இடது காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறே? செருப்பு கடிக்குதா?” என்று கேட்டார். புது மருமகளிடம் கேட்கிற கேள்வியா இது? செருப்பு கடித்தது உண்மைதான். அது வேறு விஷயம். அன்றிலிருந்து அவர் முன்னால் நடக்கவே எனக்குக் கூச்சம்.

அவர் வேலை பார்த்தது பஸ் டிப்போவில், டைம் கீப்பராக. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதுகிற வேலை. தாமதமாக வந்த டிரைவர்கள் அவர் ஜன்னலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார்களாம், அவ்வளவு பெரிய பஸ் அவர் கண்ணில் படாமல் போய்விடும் என்பதுபோல. கணவர் நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தப்பித்தார் என்று நான் சொல்லவில்லை. மனதில் நினைத்துக்கொள்வதோடு சரி.

குதிரைகள் மேல் அவருக்கு இவ்வளவு கரிசனம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நீங்கள் எல்லோரும் ஒரு கதை வைத்திருக்கிறீர்கள். சின்ன வயதில் அவர் ஓட்டிய குதிரை மூச்சு முட்டிச் செத்துவிட்டது, அன்றைக்கு அழுதுகொண்டே சபதம் எடுத்தார் என்று. சுத்தப் பொய். நானே என் மாமியாரிடம் கேட்டிருக்கிறேன். எந்தக் குதிரையும் சாகவில்லை. “அவ பொறந்ததிலேருந்தே இப்படித்தாம்மா” என்றார். பெற்ற தாயே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

அவர் வீட்டு முன்னறையில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மடக்கு மேஜைகள், ஒலிபெருக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பிளாஸ்டிக் தொட்டிகள், மூட்டை மூட்டையாக ஆரஞ்சு நிற ரிப்பன். பந்தயப் பாதை நெடுக மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற ரிப்பன் அது. பந்தயம் முடிந்ததும் அத்தனையையும் அவரே அவிழ்த்து வந்து, துவைத்து, கொடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுச் சுருட்டி வைப்பார். ரிப்பனுக்கு இஸ்திரி! என் வீட்டுக்காரர் சட்டைக்கே நான் போடுவதில்லை.

இந்தப் பந்தயம் தெரியாதவர்கள் கையிலும் மலர் போகும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். நூற்று இருபது கிலோமீட்டர் தூரம், நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றும் முடிந்து மைதானத்துக்குத் திரும்பியதும் குதிரை சோதனைப் பந்தலுக்கு வர வேண்டும். அதன் நாடித் துடிப்பு குறித்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். பிறகு ஓட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, கால்நடை டாக்டர்கள் முன்னால் குதிரை போய்த் திரும்பி ஓடிக் காட்ட வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையை வெடுக்கென்று மேலே தூக்கும். தலை ஆடியதா, அத்தோடு ஆட்டம் முடிந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாலும் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் டாக்டர்கள். நாத்தனாரின் வேலை மைதானம் பிடிப்பது, நிலத்துக்காரர்களிடம் அனுமதி வாங்குவது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது, பாதைக்கு ரிப்பன் கட்டுவது. ஆனால் அவர் தன் வேலையோடு நிற்கிற ஆளா? கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு டாக்டரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். “டாக்டர், எனக்கு என்னமோ சரியாப் படல. இன்னொரு வாட்டி ஓடவிட்டுப் பாருங்க” என்பார். இன்னொரு வாட்டி ஓடவிட்டால் தலை ஆடும். அதனால்தான் ஓட்டிகள் அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்தார்கள். “பிரேக் வருது, ஒழுங்கா நில்லு” என்று குதிரைகளிடமே சொல்வார்கள். டீ போடுகிறவர் ஒருமுறை குதிரைத் தொட்டியில் கிளாஸ் கழுவிவிட்டார் என்று அந்த ஆளை மைதானத்தைச் சுற்றித் துரத்தினார். அன்று எங்கள் யாருக்கும் டீ கிடையாது. குதிரைகளுக்குப் புதுத் தண்ணீர் கிடைத்தது.

எங்கள் மிளகையும் போன வருடப் பந்தயத்துக்கு முன் இரண்டு முறை இப்படி நிறுத்தியிருக்கிறார். மிளகு எங்கள் பெண் குதிரை. வெள்ளை உடம்பெல்லாம் கறுப்புப் பொடிப் புள்ளி, அதனால் அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தார். மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிற மனிதர், பட்டறையைவிட லாயத்தில் இருக்கிற நேரம்தான் அதிகம். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. வெளிநாட்டில் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு நம் அணியில் ஒருவராக மிளகோடு போக வேண்டும். அணியில் இடம் கிடைக்க அந்த வருடம் இன்னும் ஒரே ஒரு பந்தயத்தை முழுதாக முடித்தால் போதும். மிச்சம் இருந்தது அக்கா நடத்துகிற பந்தயம் மட்டும்தான். மிளகுக்கு வயது பதினாறு, இந்த ஓட்டத்துக்கு அதுவே கடைசி வயது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது சுற்றின் பாதை ஒரு செங்கல் சூளைக்குள் புகுந்து போகும். சூளைக்காரர் வருடா வருடம் கேட்டைத் திறந்துவிடுவார். பந்தயத்துக்கு முந்தின நாள் நாத்தனார் அந்தப் பக்கம் ரிப்பன் கட்டிக்கொண்டே போனபோது, சூளை லாரி ஒன்று கேட்டை அடைத்து நின்றிருக்கிறது. பதமாக இரண்டு வார்த்தை சொன்னால் நகர்த்தியிருப்பார்கள். இவர் வேலையாட்கள் முன்னால் அந்த மனிதரைக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார். “இந்தம்மா மூஞ்சிக்கு இனிமே என் கேட்டு தெறக்காது” என்று அவர் பூட்டுப் போட்டுவிட்டார். வம்பை விலைக்கு வாங்குவதில் என் நாத்தனாரை மிஞ்ச ஆள் கிடையாது.

பாதையை மாற்ற வேண்டியதாயிற்று. சூளைக்குப் பிரிகிற இடத்திலிருந்து வாய்க்கால் கரையோரமாகப் புது வழி பிடித்து, தனி ஆளாகவே ரிப்பன் கட்டினார். அந்த வேலையை அவர் எவர் கையிலும் கொடுத்ததில்லை. ரிப்பன் எப்போதும் ஓட்டியின் வலது கைப்பக்கம் இருக்கும், சரியாகக் கண் உயரத்தில் இருக்கும். பிரேக் கட்டின ரிப்பனை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அவரைத் திட்டுகிறவர்கள்கூடச் சொல்வார்கள். ஆனால் அன்று, பிரிகிற இடத்திலிருந்து சூளை கேட் வரை ஏற்கெனவே கட்டியிருந்த ரிப்பன்களை அவிழ்க்க வேண்டும் என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. ஆயிரம் பேரிடம் தப்புக் கண்டுபிடித்தவர், இதைக் கோட்டை விட்டார்.

மறுநாள் காலை மைக்கில், “மூணாவது சுத்துல பாதை கொஞ்சம் மாறியிருக்கு, ரிப்பனைப் பாத்துப் போங்க” என்று மட்டும் சொன்னார். அவர்களும் ரிப்பனைப் பார்த்துத்தான் போனார்கள். மூன்றாவது சுற்றில் முன்னால் போன ஐந்து பேரும் பழைய ஆட்கள், என் வீட்டுக்காரர்தான் முதலில். பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் ரிப்பன் தெரிந்ததும் பழகின பக்கமே திரும்பிவிட்டார்கள். போனால் கேட் பூட்டிக் கிடக்கிறது. சூளைக்காரர் சும்மா இருந்தாரா? பின்பக்கமாகச் சுற்றிப் போனால் வழி இருக்கிறது என்று சிரித்த முகமாகக் கை காட்டினாராம். அங்கே வழியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உடைந்த செங்கல் மேடுதான். அதில் ஏறி இறங்கி, வந்த வழியே திரும்பி, வாய்க்கால் கரையைப் பிடிப்பதற்குள் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போய்விட்டது. உச்சி வெயில் வேறு. இவர்கள் திரும்பி வருவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள்.

நான் வாளியும் ஸ்பாஞ்சுமாக மைதானத்தில் காத்திருந்தேன். முதலில் வர வேண்டிய மனிதர் ஊரெல்லாம் வந்த பிறகு வருகிறார். முகம் இருண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் திட்டுவதற்கு நேரமில்லை. மிளகின் கழுத்திலும் கால்களிலும் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குளிர்வித்தேன். நாடி அடங்கியது. என் வீட்டுக்காரர் ஓட்டிக் காட்டினார், தலை ஆடவில்லை. டாக்டர் “பாஸ்” என்றார். மற்ற நான்கு குதிரைகளும் பாஸ். ஐந்து பேரும் நடுவரிடம் போய் நின்றார்கள். பாதையில் தப்பு இருந்தது எங்கள் குற்றமா என்று கேட்டார்கள். நியாயம்தான் என்று அவர் ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசிச் சுற்று ஒன்றுதான் பாக்கி, மெதுவாகப் போனாலே போதும்.

அப்போதுதான் நாத்தனார் வந்தார். யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் சூளை வரை போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு பிடி ஆரஞ்சு ரிப்பன். யாரிடமும் பேசாமல் நேராகப் போய் மைக்கை எடுத்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. பழைய ரிப்பனை அவுக்காம விட்டது நான். தப்பு என்னுது. வேற யாரு மேலயும் இல்ல.”

அவர் வாயிலிருந்து தன்னைப் பற்றி அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கே ஒரு நிமிடம் மனசு இளகிவிட்டது. இளகின மனசை அப்படியே இருக்க விட்டாரா?

“தப்பான வழியில போன அஞ்சு குதிரையும் இதோட நிக்குது. கடைசிச் சுத்துக்கு அதுங்களுக்குப் பாதை கெடையாது.”

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் அவர் முன்னால் போய் நின்றார்.

“அக்கா, என்ன பேசற நீ? டாக்டர் பாத்து பாஸ் பண்ணியாச்சு.”

“டாக்டர் இப்ப நிக்கிற குதிரையைப் பாத்தாரு. இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓடப்போற குதிரையை நான் பாக்கறேன்.”

“நடுவர் நேரம் குடுத்துட்டாரு.”

“நேரம் உனக்குக் குடுத்தாரு. அதுக்கு என்ன குடுத்தாரு?”

பெரிய டாக்டரை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். குதிரைகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பந்தயத்தை நடத்துகிறவர் பாதையை மூடினால் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மூடுகிற அதிகாரம் நடத்துகிறவருக்கு உண்டு. கடைசிச் சுற்றைக் குறைத்து ஓடலாமே என்று ஒருவர் கேட்டார். குறைத்தால் அணித் தேர்வுக்குச் செல்லாது. எல்லா வழியும் அடைத்துவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. “அண்ணி, தப்பு பண்ணினது நீங்க. தண்டனை எங்களுக்கா?” என்றேன்.

“ஆமாம்மா. அப்படித்தான் ஆயிடுச்சு.”

இதற்கு மேல் ஒருத்தி எப்படிச் சண்டை போடுவது? மறுத்துப் பேசினால்தானே பதிலுக்குப் பேச முடியும்? “உங்க தம்பி இத்தனை வருஷமா இதுக்குத்தான் உயிரை விட்டுக்கிட்டிருக்காரு” என்றேன்.

“தெரியும். அவன் உயிரை அவன் விடட்டும். மிளகு எதுக்கு விடணும்?”

நாத்தனார் கடைசிச் சுற்று கிளம்புகிற இடத்துக்குப் போய்க் கயிற்றைக் குறுக்கே கட்டி, அதன் முன்னால் நின்றுகொண்டார். ஒரு ஓட்டி தண்ணீர்த் தொட்டியை எட்டி உதைத்தார். இன்னொருவர் சொன்ன வார்த்தையை மலரில் எழுத முடியாது. சொன்னவர் செயலாளர்தான், அவரும் அந்த ஐந்து பேரில் ஒருவர். என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி அக்கா காலடியில் வீசினார்.

“இனிமே நீ எனக்கு அக்கா இல்ல.”

“சரி. அது கால்ல இன்னும் தண்ணி ஊத்து. செங்கல் மேல ஓடியிருக்கு.”

அந்த வாரமே சங்கத்தைக் கூட்டி அவரை நீக்கினீர்கள். முதலில் கை தூக்கியவர் செயலாளர். அவர் தன் குதிரையை அதற்கப்புறம் ரொம்ப நாள் வெளியே கொண்டுவரவே இல்லை என்று கேள்வி. நான் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அணியில் ஒரு இடம் இருந்தது, அதில் வேறு யாரோ போனார்கள்.

இனி மறுநாள் கதைக்கு வருகிறேன். காலையில் நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். நாத்தனார் ரிப்பன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கள் பக்கத்துப் பாதையை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறார். செருப்பெல்லாம் சேறு. முந்தின நாள் அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர், வந்து நிற்க எப்படித்தான் மனசு வந்ததோ.

“எதுக்கு வந்தீங்க?” என்றேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“மிளகைப் பாக்கணும்.”

“நேத்து நல்லா இருந்த குதிரையை நிறுத்தினீங்களே, அது பத்தலையா?”

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் லாயத்திலிருந்து வெளியே வந்தார். அக்காவைப் பார்த்தார். திரும்ப உள்ளே போய் மிளகை அவிழ்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டிக் காட்டப் போகிறார். பார், எந்தக் குறையும் இல்லாத குதிரையை நிறுத்தினாய் என்று அக்கா கண் முன்னாலேயே காட்டப் போகிறார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன்.

எங்கள் முற்றம் கல் பாவியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட, மிளகு கூட ஓடியது. எங்களுக்கு முதுகைக் காட்டிப் போனவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் நாத்தனார் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். கண் குளிரப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் கறுவினேன். சுவரோரம் திரும்பி எங்களைப் பார்த்து வந்தார்கள். மிளகின் வலது முன்னங்கால் கல்லில் பட்டது. தலை வெடுக்கென்று மேலே போனது. மறுபடி அந்தக் கால் பட்டது. மறுபடி தலை.

என் வீட்டுக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் கவனித்திருக்க மாட்டார் என்றுகூட நினைத்தேன். ஆனால் கயிறு அவர் கையில் அல்லவா இருக்கிறது? தலை மேலே போகும்போதெல்லாம் கயிறு அவர் கையை இழுத்திருக்கும். பாதி முற்றத்திலேயே ஓட்டத்தை நடையாக்கினார். எங்கள் பக்கம் திரும்பாமல் மிளகை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நாத்தனார் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். புது மருமகளின் செருப்புக் கடியைக்கூட விடாமல் சொன்ன வாய் ஆயிற்றே. சொல்லட்டும், பதில் தயாராக இருந்தது. உங்கள் ரிப்பனால்தானே செங்கல் மேட்டுக்குப் போனது, இந்த நொண்டியே நீங்கள் கொடுத்ததுதானே என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். அவர் மூட்டையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“நான் வர்றேம்மா” என்றார். போய்விட்டார்.

அவர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரங்களில் பெரியது இதுதான். ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் ஆயுசுக்கும் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி விடாமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் லாயத்துக்குப் போனபோது என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து மிளகின் காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா ஏதாவது சொல்லிச்சா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்லல” என்றேன்.

அவர் சுற்றின துணியை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். நான் அங்கே இருந்தவரைக்கும் தலை நிமிரவே இல்லை.